பொருக்குக்கு அடியில் குழி விழும் புண்: எக்தைமாவைக் கண்டுபிடித்து ஆறவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொசு கடித்த இடத்தைச் சொறிந்து பிள்ளை புண்ணாக்கிக்கொள்ளும், நாலு நாளில் மேலே பொருக்கு கட்டும், வீட்டில் எல்லோரும் "காஞ்சிடுச்சு, இனி தானா விழுந்திடும்" என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இரண்டு வாரம் ஆகியும் பொருக்கு விழவில்லை, நாளுக்கு நாள் தடிக்கிறது, சுற்றிலும் சிவந்திருக்கிறது, ஓரத்தை லேசாக அழுத்தினால் சீழ் கசிகிறது என்றால் அந்தப் புண் காயவே இல்லை. பொருக்குக்கு அடியில் தோல் அரிபட்டு ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இதற்குத்தான் எக்தைமா என்று பெயர்.

இதைச் செய்வது இரண்டு பாக்டீரியாக்கள். ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், இன்னொன்று ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். சில புண்களில் ஒன்று மட்டும் இருக்கும், பல புண்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றியும் மூக்குக்குக் கீழும் தேன் நிறத்தில் பொருக்கு கட்டுமே, இம்பெடிகோ, அதற்கும் இதே கிருமிகள்தான் காரணம். வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. இம்பெடிகோ மேல்தோலோடு நின்றுவிடும், ஆறினால் பெரும்பாலும் தழும்பு இருக்காது. எக்தைமா மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரை இறங்கிவிடுகிறது, அதனால்தான் குழி விழுகிறது, ஆற வாரக்கணக்கில் ஆகிறது, ஆறிய பிறகும் தழும்பு நிற்கிறது.

இந்த ஆழத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாமே புரிந்துவிடும். மேலே தடவுகிற களிம்பு ஏன் பெரும்பாலும் போதாது, பொருக்கின் மேல் பவுடரைக் கொட்டுவது ஏன் வீண், மருத்துவர் ஏன் உள்ளுக்கு மாத்திரை தருகிறார் என்பதெல்லாம் அதிலிருந்து வருகிறதுதான்.

முதலில், இது அதுதானா என்று பாருங்கள்

முழங்காலுக்குக் கீழே, கணுக்கால், பாதத்தின் மேல்பக்கம், தொடை, பிட்டம், இவைதான் இது அதிகம் வருகிற இடங்கள். சின்னக் கொப்புளமாகவோ சீழ்க் கட்டியாகவோ ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உடையும், பிறகு சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், சில சமயம் கரும்பழுப்பாக, கெட்டியான பொருக்கு கட்டும். சாதாரணச் சிராய்ப்பின் பொருக்கு ஓரத்தில் தானாகக் கிளம்பி வரும். இது அப்படி வராது, தோலோடு இறுகப் பிடித்திருக்கும். நன்றாக ஊறவைத்து எடுத்துப் பார்த்தால் அடியில் தோலைத் துளைக்கருவியால் வெட்டி எடுத்தது போல வட்டமான ஒரு குழி, தடித்துச் சிவந்த ஓரம், உள்ளே அழுக்கு மஞ்சள் நிறத்தில் சீழ். அளவு அரை சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். ஒன்றாகவும் வரும், பத்தாகவும் வரும். காலில் புண் இருக்கும்போது தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பதும் சகஜம்.

பிள்ளைகளுக்கு அதிகம் வரும். வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், சத்துக் குறைவானவர்கள், ஹாஸ்டலில் நெருக்கமாகத் தங்குகிறவர்கள், சேற்றிலும் ஈரத்திலும் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கும் வரும். வியட்நாம் போரில் அமெரிக்கக் காலாட்படையினர் பலரைக் களத்துக்குப் போக முடியாமல் செய்த தோல் நோய்களில் இப்படிப்பட்ட பாக்டீரியா புண்களும் உண்டு. வெயில், வியர்வை, ஈரமான பூட்ஸ், பூச்சிக்கடி, குளிக்க வழியில்லாமை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் நல்ல திடகாத்திரமான ஆளுக்கும் வரும். ஆகவே "சுத்தமில்லாத வீட்டுப் பிள்ளை" என்று யாரையும் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பல அம்மாக்கள் புண்ணைப் பாவாடையால் மறைத்தே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் இரண்டு வாரம் தாமதமாகிறது.

இதைப் போலவே இருக்கும் வேறு புண்கள்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

காய்ச்சலும் கடும் தலைவலியும் இருக்கிறது, உடம்பில் எங்கோ ஒரே ஒரு கறுத்துக் காய்ந்த பொருக்கு இருக்கிறது, அதில் வலியும் இல்லை அரிப்பும் இல்லை என்றால் ஸ்க்ரப் டைஃபஸை நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதைத் தொடர்ந்த குளிர்மாதங்களிலும் நிறையப் பார்க்கிற நோய் இது. மிகச் சின்ன உண்ணிப்பூச்சி கடித்து வருவது. அந்தப் பொருக்கு அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா கட்டும் இடம், மார்புக்கு அடியில் என்று ஒளிந்த இடங்களில் இருக்கும், துணியைக் கழற்றித் தேடினால்தான் தெரியும். இதற்கான மருந்தே வேறு, டாக்ஸிசைக்ளின். எக்தைமாவுக்குத் தருகிற செஃபலெக்சின் இதற்கு வேலை செய்யாது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கும். காய்ச்சலோடு கறுத்த பொருக்கைப் பார்த்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்தப் பொருக்கை மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள்.

பாதத்தில் புண், ஆனால் வலியே இல்லை என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. எக்தைமா வலிக்கும். வலிக்காத புண் என்றால் உணர்ச்சி போன கால், அதற்குப் பின்னால் சர்க்கரை நோயோ தொழுநோயோ இருக்கலாம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் ஆகியோருக்குத் திடீரென்று சிவந்த திட்டு வந்து ஒரே நாளில் நடுவில் கறுத்துப் போனால் அது எக்தைமா கேங்க்ரினோசம் ஆக இருக்கலாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு. பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமி ரத்தத்தில் கலந்து வருவது. வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியது.

உடனே கிளம்ப வேண்டியது எப்போது

புண்ணைச் சுற்றிய சிவப்பு மணிக்கு மணி பரவுகிறது (பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு வைத்தால் நன்றாகத் தெரியும்), குளிர்க்காய்ச்சல் வருகிறது, புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறது, பார்ப்பதற்குப் புண் சின்னதாக இருந்தும் வலி தாங்க முடியவில்லை, பிள்ளை சோர்ந்து படுத்தே கிடக்கிறது. இதில் எது இருந்தாலும் காலையில் போகலாம் என்று இருக்காதீர்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றால் இவை எதுவும் இல்லாவிட்டாலும் முதல் வாரத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

பொருக்கை ஊறவைத்து எடுப்பது

இதில்தான் ஆட்கள் இரண்டு பக்கமும் தவறிப் போகிறார்கள். ஒரு கூட்டம் தொடவே தொடாது. இன்னொரு கூட்டம் நகத்தால் பிய்த்து எடுக்கும். இரண்டும் வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள், நகம் வெட்டியிருக்க வேண்டும். சுத்தமான மெல்லிய துணி அல்லது காஸ் துணியை அந்தத் தண்ணீரில் நனைத்துப் புண்ணின் மேல் வைத்து 10 முதல் 15 நிமிடம் விடுங்கள், ஆறிப்போனால் மறுபடி நனைத்து வையுங்கள். பிள்ளை ஓடும், கதை சொல்லியோ கார்ட்டூன் போட்டோ உட்காரவைப்பது உங்கள் சாமர்த்தியம். ஊறிய பிறகு சாதாரணச் சோப்பு நுரையால் மெதுவாக ஒரே திசையில் துடைத்தால் தளர்ந்த பொருக்கு மட்டும் கூடவே வரும். வராத இடத்தை இழுக்காதீர்கள், சாயங்காலம் இன்னொரு முறை ஊறவையுங்கள், இரண்டு மூன்று நாளில் அதுவும் கிளம்பிவிடும். லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம், சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பொருக்கு பெரியதாகவோ பல இடத்தில் இருந்தாலோ, பிள்ளை துடிக்கிற அளவு வலித்தாலோ இதை வீட்டில் செய்ய வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் செய்துகொடுப்பார்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? சீழ் முழுக்கப் பொருக்குக்குக் கீழேதான் அடைபட்டுக் கிடக்கிறது. அதை எடுக்காமல் மேலே எதைத் தடவினாலும் பொருக்கைத்தான் நனைக்கும், புண்ணைத் தொடாது. கிருமிப் பரிசோதனைக்குச் சீழ் எடுப்பதாக இருந்தாலும் பொருக்கைத் தூக்கி அதன் அடியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கட்டுப் போடுவது

பஞ்சை நேராகப் புண்ணில் வைக்காதீர்கள். அதன் இழை குழிக்குள் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் எடுக்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து பிய்ந்து வரும். மருத்துவர் எழுதித் தந்த களிம்பை மெல்லியதாகத் தடவி, மேலே பாரஃபின் தடவிய காஸ் (மெடிக்கலில் கேட்டால் கொடுப்பார்கள், ஒட்டாமல் கழன்று வரும்) வைத்து, அதற்கு மேல் சாதாரணக் காஸ், பிறகு இறுக்கமில்லாமல் பேண்டேஜ். தினமும் ஒரு முறை மாற்றுங்கள், ஈரம் மேலே வரை ஊறி வந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். கட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி நனைத்து எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெரிய எதிரி சாக்ஸ். காலையில் திறந்த புண்மேல் நேராகச் சாக்ஸை மாட்டிவிட்டால் சாயங்காலம் அது புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருக்கும், பிள்ளை அழுதுகொண்டே இழுக்கும், முதல் நாள் ஆறிய அத்தனையும் அதோடு போய்விடும். புண் ஆறும்வரை செருப்போடு வர அனுமதி கேட்டு டீச்சருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவர் என்ன தருவார், நீங்கள் என்ன கேட்க வேண்டும்

பெரும்பாலும் வாய்வழி ஆன்டிபயாடிக்தான், சாதாரணமாக 7 நாள். செஃபலெக்சின், கிளாக்சசிலின், அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்தது, இவை வழக்கமாக எழுதுகிற மருந்துகள். பிள்ளைக்கு எடையை வைத்துத்தான் அளவு போடுவார்கள், அதனால் அண்ணனுக்குக் கொடுத்த மிச்ச மருந்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். பென்சிலின் ஊசியோ மாத்திரையோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் அதைத்தான் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மியூபிரோசின், ஃபியூசிடிக் அமிலம் போன்ற களிம்புகள் மேலோட்டமான சின்னப் புண்ணுக்குப் போதும், ஆழமான புண்ணுக்கு உள்மருந்தோடு துணைக்குத்தான்.

மூன்றாம் நாள் சிவப்பு குறையும், வலி குறையும். அப்போதே மருந்தை நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம். தயவுசெய்து சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். அதே மூன்றாம் நாள் கொஞ்சமும் குறையவில்லை என்றால் ஏழு நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் திரும்பப் போங்கள். மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸாக இருக்கலாம், சீழ் எடுத்து கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு இந்தப் புண் வந்தால் ரத்தச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதையே ஆறாத புண்ணால்தான் கண்டுபிடித்தவர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ பேர்.

எதையெல்லாம் தடவக் கூடாது

மஞ்சள் பற்று, காபித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, சாம்பல், எதையும் திறந்த புண்ணுக்குள் வைக்காதீர்கள். மஞ்சளின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஆனால் டப்பாவிலிருந்து எடுத்த தூள் கிருமி நீங்கியது இல்லை, குழிக்குள் கட்டியாக அடைத்துக்கொண்டு புண்ணின் உண்மையான நிறத்தையே பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது. ஆன்டிபயாடிக் பவுடரும் அப்படித்தான், சீழோடு கலந்து காய்ந்து இன்னொரு பொருக்காகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் பொங்கி வருவதைப் பார்த்து கிருமி சாகிறது என்று நிம்மதிப்படுகிறோம், அது புதிதாக வளரும் செல்களையும் சேர்த்தே கெடுக்கிறது.

இவற்றை எல்லாம் விட நான் அதிகம் பயப்படுவது ஸ்டீராய்டு கலந்த களிம்புகளுக்கு. "படை, சொறி, அரிப்பு எல்லாத்துக்கும் இது" என்று கொடுக்கிற டியூப்களில் பலவற்றில் ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் அடக்கிவிடும், புண் ஆறுவது போலத் தெரியும், அதே நேரத்தில் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுவதால் அடியில் கிருமி பரவும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் கேட்டால் கிடைக்கிறது. வாங்கும் முன் டியூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

அரிப்பை நிறுத்தாமல் புண் நிற்காது

ஒரு புண் ஆறும், பக்கத்தில் இன்னொன்று வரும், இப்படியே மாதக்கணக்கில் ஓடுகிறது என்றால் கிருமியைத் தோலுக்குள் ஏற்றிவிடுகிற நகத்தைப் பாருங்கள், அந்த நகம் எதற்காகச் சொறிகிறது என்றும் பாருங்கள். கொசுக்கடியா, கரப்பான் படையா, பேன்கடியா, இல்லை ஸ்கேபீஸ் என்கிற சொறியா? ராத்திரியில் அரிப்பு கூடுகிறது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிட்டத்தில் பொரிப்பொரியாக இருக்கிறது, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் ஸ்கேபீஸேதான். பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் ஊர் முழுவதற்கும் சொறிப் பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் ஒரு வருடத்தில் ஸ்கேபீஸ் 94 சதவீதம் குறைந்தது, கூடவே இம்பெடிகோவும் 67 சதவீதம் குறைந்தது. அந்த மாத்திரை இந்தப் புண்ணின் பாக்டீரியாவுக்கான மருந்தே இல்லை. அரிப்பு நின்றது, சொறிவது நின்றது, புண்ணும் குறைந்தது.

ஸ்கேபீஸ் என்றால் பெர்மெத்ரின் 5 சதவீத களிம்பை இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல் தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. அரிப்பு இருக்கிறவர் இல்லாதவர் என்று பார்க்காமல் வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் தடவ வேண்டும், இதை விட்டுவிட்டால் செலவுதான் மிச்சம். கைக்குழந்தைக்கும், புண் நிறைய இருக்கிற பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்டுத் தடவுங்கள். துணி, போர்வை, தலையணை உறையைச் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள், துவைக்க முடியாததை ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிட்டாலே போதும். மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு மூன்று வாரம் லேசான அரிப்பு இருக்கும், அதைப் பார்த்து மறுபடி மறுபடி தடவ வேண்டாம்.

வீட்டில் பரவாமல்

புண் உள்ளவருக்குத் தனித் துண்டு, தனிப் பாய் அல்லது விரிப்பு. பிள்ளையின் நகத்தை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள். எடுத்த கட்டைப் பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு கை கழுவுவது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், சோப்பு கொடுத்துக் கைகழுவும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த வீடுகளில் பிள்ளைகளுக்கு இம்பெடிகோ 34 சதவீதம் குறைவாக வந்தது. அதில் கிருமிநாசினிச் சோப்பு கொடுத்த வீட்டுக்கும் சாதா சோப்பு கொடுத்த வீட்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை, ஆகவே விலை உயர்ந்த சோப்பைத் தேடி அலைய வேண்டாம்.

ஆறும்போதும் ஆறிய பிறகும்

அடியில் இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் உள்நோக்கி மூடிக்கொண்டு வரும். சில வாரம் ஆகும், காலில் என்றால் இன்னும் மெதுவாக. வீக்கம் இருந்தால் உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள். முட்டை, பருப்பு, கீரை, மீன் எதையும் நிறுத்தாதீர்கள், புண் இருக்கும்போது முட்டையும் மீனும் ஆகாது என்று பிள்ளையின் சாப்பாட்டைக் குறைப்பதால் புண் ஆறுவதுதான் தள்ளிப்போகிறது. கறுத்த தடம் மாதக்கணக்கில் இருந்து மெல்ல வெளுக்கும், நடுவில் சின்னப் பள்ளமான தழும்பு மட்டும் நின்றுவிடலாம். மூன்று நான்கு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் மூடாத புண்ணைத் தோல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம்.

புண் மூடிவிட்டாலும் ஆறு வாரம் வரை ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சில வகைகள் தோலில் வந்துபோன பிறகு, வழக்கமாக மூன்று வாரம் கழித்து, சிறுநீரகத்தில் அழற்சியை உண்டாக்கும். கிருமி நேராகச் சிறுநீரகத்துக்குப் போவதில்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கியவை அங்கே போய்ப் படிவதால் வருவது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடுவதால் தூக்கம் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். சிறுநீர் குறையும், பால் சேர்க்காத டீ நிறத்தில் போகும். தலைவலி, வாந்தி இருந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், முற்றினால் வலிப்பு வரை போகும். சரியான நேரத்தில் கவனித்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

ஆகவே அந்த ஆறு வாரமும் பிள்ளையின் முகத்தைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள், சிறுநீர் நிறத்தைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். போனதும் "ஒரு மாசத்துக்கு முன்னாடி கால்ல புண்ணு இருந்துச்சு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வீங்கிய முகத்தோடு வருகிற பிள்ளையின் ஆறிப்போன காலை யாரும் தானாகத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.